வேளாண் பட்டப்படிப்பில் ஆசிரியர் தேவையும் மாணவர் சேர்க்கையும்: செய்முறைக் குழுவை அலகாகக் கொண்ட மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் கல்லூரி ஒன்றிற்கு எத்தனை ஆசிரியர் தேவை, அங்கு எத்தனை மாணவரைச் சேர்க்கலாம் என்னும் இரு வினாக்களுக்கும் நடைமுறையில் தனித்தனியே விடை காணப்படுகிறது. முதலாவது, மாணவர் ஆசிரியர் விகிதத்தால் அளக்கப்படுகிறது. இரண்டாவது, வந்துசேரும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. இவ்விரு வினாக்களையும் இணைக்கும் அலகு செய்முறைக் குழுவே என்பதையும், அவ்வலகைக் கருதாத மதிப்பீடு ஏட்டில் நிறைவாகவும் வயலில் குறைவாகவும் அமையும் என்பதையும் தமிழ்நாட்டின் இளநிலை வேளாண் பட்டப்படிப்பைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வேளாண் கல்வி, ஆசிரியர் பணிச்சுமை, செய்முறைக் குழு, மாணவர் சேர்க்கை, ஊரக வேளாண் பணி அனுபவம், தமிழ்வழிக் கல்வி

முன்னுரை

இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களில் அறுபது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினால், அம்மணி நேரம் அறுபது பேருக்கும் உரியதாகிறது. வேளாண்மையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இவ்வாறு அமைவதில்லை. நாற்று நடுதல், மண் மாதிரி எடுத்தல், நுண்ணோக்கியில் பூச்சியின் வாயுறுப்பைக் காணுதல், பூவின் மகரந்தத்தை நீக்கிக் கலப்புச் செய்தல் ஆகியவற்றை ஒவ்வொரு மாணவரும் தம் கையால் செய்தாக வேண்டும். அறுபது பேர் சூழ்ந்து நிற்கும் வரப்பில் முன்வரிசையினர் செய்கின்றனர், பின்வரிசையினர் பார்க்கின்றனர். நான்காண்டு முடிவில் இரு சாராரும் ஒரே பட்டத்தைப் பெறுகின்றனர். பின்னர் அவர்களே வட்டார வேளாண்மை அலுவலராகவும் வங்கிகளின் வேளாண் கள அலுவலராகவும் உழவர் முன் சென்று நிற்கின்றனர். ஆகவே பணியிடக் கணக்கில் நேரும் பிழை கல்லூரியோடு நின்றுவிடுவதில்லை. அது உழவர் பெறும் அறிவுரையின் தரம் வரை நீள்கிறது.

1. ஒரு பணியிடம், மூன்று பணிகள்

தமிழ்நாட்டில் வேளாண் கல்வி 1868ஆம் ஆண்டு சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட வேளாண் பள்ளியில் வேர் கொண்டது. 1906இல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1965இல் மதுரையில் இரண்டாவது வேளாண் கல்லூரி நிறுவப்பட்டது. இவ்விரு கல்லூரிகளையும் கருவாகக் கொண்டு 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோன்றியது.

இந்திய வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க நிலக்கொடைக் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்டவை. 1960இல் பந்த்நகரில் முதல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மாநிலந்தோறும் ஒரு வேளாண் பல்கலைக்கழகமேனும் அமைய வேண்டும் எனக் கோத்தாரி கல்விக் குழு (1964–66) பரிந்துரைத்தது. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்திற்குள் இயங்க வேண்டும் என்பதே இம்முன்மாதிரியின் அடிப்படை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

இக்கட்டமைப்பு மதிப்பீட்டில் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. பேராசிரியர் என்ற பெயரில் பட்டியலில் உள்ள ஒருவர் நெல் ஆராய்ச்சித் திட்டத்தை நடத்துபவராக இருக்கலாம். மற்றொருவர் விரிவாக்கப் பயிற்சிகளுக்குப் பொறுப்பேற்றிருக்கலாம். வேறொருவர் முதுநிலை, முனைவர் பட்ட மாணவரை நெறிப்படுத்துபவராக இருக்கலாம். இவர்கள் அனைவரையும் இளநிலை வகுப்பிற்கு முழுநேரம் கிடைப்பவராகக் கொண்டால், ஆசிரியர் எண்ணிக்கை உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். எனவே தலைகளை எண்ணுவதற்கு முன்னர், ஒவ்வொருவரிடமிருந்தும் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் இளநிலைக் கற்பித்தலுக்குக் கிடைக்கிறது என்பதை வரையறுத்தல் வேண்டும். எட்டு மணி நேரமே தரக்கூடியவர் அரை ஆசிரியராகவே கணக்கில் வர வேண்டும்.

2. மணிநேரக் கணக்கின் அடிப்படை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும் இணைப் பேராசிரியர், பேராசிரியர் ஆகியோருக்கு 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல் பணியாக வரையறுக்கிறது. வாரத்தின் மொத்தப் பணிநேரம் 40 மணிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் எனவும் அது கூறுகிறது. எஞ்சிய நேரம் தயாரிப்பு, ஆராய்ச்சி, தேர்வு, நிருவாகம் ஆகியவற்றிற்கு உரியது.

வேளாண் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் 2+1 என்பது போன்ற குறியீட்டால் குறிக்கப்படுகிறது. முதல் எண் கோட்பாட்டிற்கும் இரண்டாம் எண் செய்முறைக்கும் உரிய கிரெடிட் மதிப்பாகும். கோட்பாட்டின் ஒரு கிரெடிட் வாரத்திற்கு ஒரு மணி நேரம். செய்முறையின் ஒரு கிரெடிட்டிற்கு இக்கட்டுரையின் கணக்கில் இரண்டு மணி நேரம் கொள்ளப்படுகிறது. மாணவரின் நோக்கில் 2+1 பாடம் வாரத்திற்கு நான்கு மணி நேரம். ஆசிரியரின் நோக்கில் அது நான்கு மணி நேரமன்று. வகுப்பு எத்தனை செய்முறைக் குழுக்களாகப் பிரிகிறதோ அத்தனை முறை அதே செய்முறை மீண்டும் நடத்தப்பட வேண்டும். இரு குழுக்களாயின் ஆறு மணி, மூன்றாயின் எட்டு மணி, நான்காயின் பத்து மணி.

3. செய்முறைக் குழுவின் அளவும் அதன் விளைவும்

இதனை எடுத்துக்காட்டுக் கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு பருவத்தில் 14 கோட்பாட்டுக் கிரெடிட்டும் 8 செய்முறைக் கிரெடிட்டும் இருப்பதாகக் கொள்வோம். முதல் மூன்றாண்டு மாணவரும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருப்பர். நான்காமாண்டினர் பெரும்பாலும் கள அனுபவத்தில் இருப்பர் என்பதால் அவர்களை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். ஓர் ஆசிரியர் வாரம் 16 மணி நேரம் தருவார் எனில், தேவை பின்வருமாறு அமைகிறது.

| குழுவின் அளவு | ஆண்டுக்கு 60 மாணவர் | ஆண்டுக்கு 75 மாணவர் |
|---|---|---|
| 30 பேர் | 138 மணி. 9 ஆசிரியர் | 186 மணி. 12 ஆசிரியர் |
| 20 பேர் | 186 மணி. 12 ஆசிரியர் | 234 மணி. 15 ஆசிரியர் |
| 15 பேர் | 234 மணி. 15 ஆசிரியர் | 282 மணி. 18 ஆசிரியர் |

ஆசிரியர் ஒருவருக்கு 20 மாணவர் என்ற விகிதத்தை இதே கல்லூரிக்குப் பொருத்தினால், நான்காண்டுகளிலும் சேர்த்து 240 மாணவர் உள்ளபோது 12 ஆசிரியரும், 300 மாணவர் உள்ளபோது 15 ஆசிரியரும் தேவை எனக் கிடைக்கும். குழுவில் இருபது பேர் இருக்கும் நிலைக்கு மட்டுமே இவ்விடை பொருந்துகிறது. முப்பது பேர் கொண்ட குழுவிற்கு இது மிகை. பதினைந்து பேர் கொண்ட குழுவிற்கு இது குறை. விகிதம் தன்னளவில் பிழையானது எனக் கூற இயலாது. ஆனால் அது குழுவின் அளவைக் கேட்பதில்லை. கேட்காமலேயே ஒரு குறிப்பிட்ட அளவை ஏற்றுக்கொண்டு விடுகிறது.

அட்டவணையிலிருந்து பெறப்படும் மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. முப்பது பேர் கொண்ட குழு முறையில், சேர்க்கை 60இலிருந்து 75ஆக, அதாவது கால் பங்கு கூடும்போது, கற்பித்தல் மணி மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாகக் கூடுகிறது. தேவை படிப்படியாக உயர்வதே இதற்குக் காரணம். அறுபத்தோராவது மாணவர் சேர்ந்தவுடன் மூன்றாவது குழு தோன்றுகிறது. எட்டுச் செய்முறைக் கிரெடிட்டிற்கு இரண்டு மணி வீதம் 16 மணி நேரம் கூடுதலாகிறது. இது ஓர் உதவிப் பேராசிரியரின் முழு வாரப் பணி. அதன் பின்னர்த் தொண்ணூறாவது மாணவர் வரை புதிய செய்முறைக் குழு எதுவும் தேவைப்படாது. ஆதலின் சேர்க்கையை ஐந்து, பத்து எனச் சிறிது சிறிதாகக் கூட்டும் முறை பொருத்தமற்றது. கூட்டுவதாயின் ஒரு முழுக் குழுவைக் கூட்டி, அதற்குரிய பணியிடத்தையும் உடன் ஒப்பளிப்பதே முறையாகும்.

புதிய பணியிடம் வராதபோது நிகழ்வது வெளிப்படை. மூன்றாவது குழு உருவாவதில்லை. இருக்கும் இரண்டு குழுக்கள் 38, 37 எனப் பெருக்கின்றன. கால அட்டவணையில் எவ்வகை மாற்றமும் தெரிவதில்லை. நுண்ணோக்கிகளின் எண்ணிக்கை மாறாததால், ஒரு கருவியை இருவர் பகிர்ந்த இடத்தில் மூவர் பகிர்கின்றனர். இழப்பு எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாததால், ஆய்வுக் குழுக்களின் பார்வைக்கும் அது வருவதில்லை.

4. துறைவாரிப் பகிர்வு

மொத்த மணிநேரம் ஒன்பது ஆசிரியரைக் காட்டினாலும், எந்த ஒன்பது பேர் என்ற வினா எஞ்சி நிற்கிறது. உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், நூற்புழுவியல், மரபியலும் பயிர்ப் பெருக்கமும், விதை அறிவியல், பயிர் வினையியல், நுண்ணுயிரியல், தோட்டக்கலை, வேளாண் பொருளியல், வேளாண் விரிவாக்கம், வேளாண் பொறியியல் எனப் பதின்மூன்று துறைகள் இப்பட்டப்படிப்பில் இடம்பெறுகின்றன. கணிதம், ஆங்கிலம், கணினி, உடற்கல்வி ஆகியவை இவற்றிற்குப் புறம்பானவை. உழவியலில் ஒருவர் மிகுதியாக இருப்பதால் நூற்புழுவியல் ஆய்வகத்தின் வெற்றிடம் நிரம்பிவிடாது.

எனவே சிறிய கல்லூரிகளில் தேவையைத் தீர்மானிப்பது மணிநேரத்தைவிடத் துறைகளின் எண்ணிக்கையே எனலாம். ஒரு துறையின் வாரப் பணி ஆறு மணி நேரமே ஆயினும் அதற்கு ஒரு வல்லுநர் வேண்டும். இத்தகைய சிறு துறைகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. அண்மையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளரைக் குறித்த நாள்களில் வகுப்பெடுக்கச் செய்யலாம். அல்லது இரு கல்லூரிகள் ஒரு பணியிடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆராய்ச்சி நிலையங்களோடு இணைந்துள்ள உறுப்புக் கல்லூரிகளுக்கு முதல் வழி எளிது. தனித்து இயங்கும் சுயநிதி இணைப்புக் கல்லூரிகளுக்கு அவ்வாய்ப்புக் குறைவு என்பதால், அவற்றின் குறைந்தபட்சப் பணியிடத் தேவை மாணவர் எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பினும் கூடுதலாகும்.

ஒப்பளிக்கப்பட்ட இடம், நிரப்பப்பட்ட இடம், வகுப்பில் உண்மையில் இருப்பவர் ஆகிய மூன்று எண்களையும் துறைவாரியாகத் தனித்தனியே பதிதல் இன்றியமையாதது. மாற்றுப்பணி, நீண்ட விடுப்பு, ஓராண்டுக்குள் வரவிருக்கும் ஓய்வு ஆகியவை இரண்டாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்குகின்றன. அடுத்த ஐந்தாண்டுகளில் ஓய்வு பெறுவோரைத் துறைவாரியாகப் பட்டியலிட்டால், எந்தத் துறை முதலில் வெறுமையாகும் என்பது முன்கூட்டியே புலனாகும்.

5. நிலமும் பட்டமும் பணியாளரும்

வேளாண் கல்லூரியின் ஆய்வகம் கட்டடத்திற்குள் முடிவதில்லை. பயிர் உற்பத்திச் செய்முறையில் மாணவருக்குத் தனித்தனிப் பாத்தி ஒதுக்கி, விதைப்பு முதல் அறுவடை வரை அவரையே பொறுப்பாக்குவது சிறந்த மரபு. ஒருவருக்கு ஒரு சென்ட் என்றாலும் அறுபது பேருக்கு அறுபது சென்ட் பாசன நிலம் வேண்டும். நெல்லுக்கு ஒன்று, தோட்டக்கால் பயிருக்கு ஒன்று என இரு பாத்தி ஒதுக்கினால் தேவை ஓர் ஏக்கரைத் தாண்டும். இந்நிலம் விதை உற்பத்திக்கும் ஆராய்ச்சித் திடல்களுக்கும் உரியதிலிருந்து பிரித்துப் பெறப்பட வேண்டியதாகும். சேர்க்கையை உயர்த்தும் முன் பண்ணைப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பயிரின் காலம் கல்லூரியின் நாட்காட்டிக்குக் கட்டுப்படாது. ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டிய பயிரை, கலந்தாய்வு நீண்டு ஐப்பசியில் வந்து சேரும் முதலாண்டு மாணவர் விதைக்க இயலாது. நீண்ட வயதுடைய சம்பா நெல் ஒரு பருவத்தின் வேலைநாள்களுக்குள் அடங்குவதும் அரிது. பருவ விடுமுறையில் பாத்தியைப் பேணுவோர் எவர் என்ற வினா இங்கே எழுகிறது. பண்ணை மேலாளர், நிரந்தரப் பண்ணைத் தொழிலாளர், ஆய்வக உதவியாளர் ஆகியோரின் பணியிடங்களும் ஆசிரியர் பணியிடத்தோடு சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும். அவர்கள் இல்லாதபோது வேதிப்பொருள் கலப்பதும் பாசனத்தைக் கவனிப்பதும் ஆசிரியரின் பணியாகி, அவருடைய 16 மணி நேரத்திற்குரிய தயாரிப்பு நேரத்தைக் குறைக்கின்றன.

6. ஊரக வேளாண் பணி அனுபவம்

இறுதியாண்டில் மாணவர் ஊர்களில் தங்கி உழவரோடு பணிபுரியும் ஊரக வேளாண் பணி அனுபவம் இப்பட்டப்படிப்பின் சிறப்புக் கூறாகும். 2015இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டூடண்ட் ரெடி திட்டம் அறிமுகமானபோது, இது செயல்வழிக் கற்றல், தொழிலகப் பயிற்சி முதலியவற்றுடன் ஒருங்கிணைக்கப்பட்டது. வகுப்பறை இல்லாததால் இப்பருவத்திற்கு ஆசிரியர் தேவையில்லை எனக் கருதுவது பொருந்தாது. அறுபது மாணவர் பத்துப் பேர் கொண்ட ஆறு குழுக்களாக ஆறு வட்டாரங்களில் தங்குவதாகக் கொண்டால், வாரம் ஒரு நாள் ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியர் காண்பதற்கு ஆறு ஆசிரியர் நாள்கள் தேவை. நாளுக்கு ஆறு மணி நேரம் எனில் 36 மணி. அதாவது இரண்டேகால் ஆசிரியரின் வாரப்பணி. இதனைக் கணக்கில் சேர்க்காத கல்லூரியில், தொலைபேசியில் நலம் கேட்பதே மேற்பார்வையாக முடிகிறது.

7. சேர்க்கைத் தேவையை அளத்தல்

விண்ணப்பங்களின் எண்ணிக்கை, படிப்பின் மீதான விருப்பத்தை நேராகக் காட்டாது. ஒரே மாணவர் மருத்துவம், கால்நடை மருத்துவம், பொறியியல், வேளாண்மை என அனைத்திற்கும் விண்ணப்பிக்கிறார். மருத்துவக் கலந்தாய்வு முடிந்ததும் இடம் மாறிச் செல்வோர் உண்டு. ஆகவே கலந்தாய்வில் வேளாண்மையை முதல் விருப்பமாகக் குறித்தோர், சேர்ந்தோர், முதல் பருவ இறுதியில் தொடர்வோர், குறித்த காலத்தில் பட்டம் பெற்றோர் என நான்கு நிலைகளிலும் எண்களைப் பதிந்து, ஐந்தாண்டுகளுக்கு ஒப்பிடுதல் வேண்டும். முதல் இரு நிலைகளுக்கிடையே இடைவெளி மிகுந்தால் அது இடங்களின் எண்ணிக்கையோடோ கட்டணத்தோடோ தொடர்புடையதாகலாம். பின் இரு நிலைகளுக்கிடையே மிகுந்தால் அது கற்பித்தலோடு தொடர்புடையதாகலாம். பின்னதைச் சேர்க்கை விளம்பரத்தால் தீர்க்க இயலாது.

2024–25ஆம் கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஆறாம் முதன்மையர் குழுவின் பாடத்திட்டம், முதலாண்டு முடிவில் சான்றிதழுடனும் இரண்டாமாண்டு முடிவில் பட்டயத்துடனும் வெளியேற வாய்ப்பளிக்கிறது. இதனால் மேலாண்டு வகுப்புகளின் எண்ணிக்கையைச் சேர்க்கை எண்ணிலிருந்து நேரடியாகக் கணிக்க இயலாத நிலை தோன்றுகிறது. ஆண்டுதோறும் மறுமதிப்பீடு செய்தல் இனித் தவிர்க்க இயலாதது.

சேருவோர் எத்தகையோர் என்பதும் ஆசிரியர் தேவையை மாற்றுகிறது. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் 2021ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வேளாண்மையையும் உள்ளடக்கியது. இது மொத்த இடங்களைக் கூட்டவில்லை; ஆயினும் தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருவோர்க்கு வழி திறந்துள்ளது. முதல் பருவத்தில் இவர்களுக்குத் தேவைப்படும் இணைப்புப் பயிற்சி எந்தப் பாடத்தின் கிரெடிட்டிலும் அடங்குவதில்லை. வாரம் இரண்டு மணி நேரமேனும் அதற்கென ஒதுக்கி, ஆசிரியரின் பணிச்சுமையில் சேர்த்தால் மட்டுமே அது நடைபெறும்.

8. தமிழ்வழிப் பிரிவின் கணக்கு

வேளாண் பட்டப்படிப்பைத் தமிழ்வழியில் நடத்துவதற்கும் இம்மணிநேரக் கணக்கு துணைபுரிகிறது. அறுபது மாணவர் தமிழ்வழியில் முப்பது, ஆங்கிலவழியில் முப்பது எனப் பிரிந்தால், கோட்பாட்டு வகுப்புகள் இரட்டிக்கும். பருவத்திற்கு 14 மணி நேரம் வீதம் மூன்றாண்டுகளுக்கும் 42 மணி நேரம் கூடுதலாகும். இது மூன்று ஆசிரியருக்குச் சற்றுக் குறைவு. செய்முறைக் குழு முப்பது பேர் கொண்டதாயின் அங்குக் கூடுதல் தேவை இல்லை. குழு இருபது பேர் கொண்டதாயின், ஒவ்வொரு பிரிவும் இரண்டிரண்டு குழுக்களாகப் பிரிந்து, மூன்று குழு நான்காகிவிடும். இதனைத் தவிர்க்கச் செய்முறையில் மட்டும் இரு பிரிவினரையும் கலந்து குழு அமைக்கலாம். பண்ணைத் தொழிலாளரோடும் உழவரோடும் நிகழும் உரையாடல் தமிழ்நாட்டில் தமிழிலேயே அமைவதால், வயலில் இக்கலப்பு இடர்ப்பாடு தருவதில்லை.

எனவே தமிழ்வழிக் கல்வியின் உண்மையான கூடுதல் செலவு, ஏறத்தாழ மூன்று பணியிடங்களும் பாடநூல் ஆக்கமுமே. இது கணக்கிட்டு ஒப்பளிக்கத்தக்க அளவே ஆகும். ஒப்பளிக்காமல் இருக்கும் ஆசிரியரே இருமுறை பாடம் நடத்த வேண்டும் என விட்டுவிட்டால், பிரிவு பெயரளவில் தமிழ்வழியாகவும் வகுப்பு ஆங்கிலவழியாகவும் முடியும் இடர் உண்டு. தமிழ்வழிக் கல்வியின் வெற்றி தோல்வியை மொழியின் ஆற்றலோடு மட்டும் தொடர்புறுத்திப் பேசுவோர், இப்பணியிடக் கணக்கையும் உடன் நோக்குதல் நலம்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், மதிப்பீட்டின் வரிசைமுறை தெளிவாகிறது. கருவி, நிலம், பாடத்தின் இயல்பு ஆகியவற்றைக் கொண்டு செய்முறைக் குழுவின் உச்ச அளவை முதலில் வரையறுத்தல் வேண்டும். அதன்பின் பாடத்திட்டத்தின் கிரெடிட்டுகளை ஆசிரியரின் மணிநேரமாக மாற்றி, ஊரகப் பணி மேற்பார்வை, இணைப்புப் பயிற்சி, தமிழ்வழிப் பிரிவு ஆகியவற்றின் மணிநேரத்தைச் சேர்க்க வேண்டும். அடுத்து, துறைவாரிக் குறைந்தபட்சத்தோடு அதனை ஒப்பிட்டு, இரண்டில் மிகுதியானதைத் தேவையாகக் கொள்ள வேண்டும். சேர்க்கை எண்ணை இறுதியாக, முழுக் குழுக்களின் மடங்காகத் தீர்மானிக்க வேண்டும்.

இப்போதைய நடைமுறையில் சேர்க்கை எண் முதலில் அறிவிக்கப்படுகிறது. பணியிடம் பின்னர்த் தேடப்படுகிறது. குழுவின் அளவு எஞ்சிய ஒன்றாகத் தானே அமைந்துவிடுகிறது. இவ்வரிசையைத் திருப்புவதற்குப் புதிய ஆணைகளோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் எத்தனை மாணவர் இருந்தனர், எத்தனை கருவிகள் இயங்கின என்னும் இரு எண்களைக் கல்லூரிகள் பதியத் தொடங்கினாலே போதும். அப்பதிவு இரண்டு மூன்று பருவங்களுக்குத் தொடருமாயின், பணியிடம் கோரும் கருத்துருக்களுக்கு அதுவே வலுவான சான்றாக அமையும். பின்வரிசையில் நிற்கும் மாணவரும் கணக்கில் இடம்பெறுவர்.